தியத்தலாவை கேம்ப் பழைய கதை: போயர் கைதிங்க காலத்துல இருந்து தெரிஞ்சவங்க எழுதுங்க

கஹகொல்லைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்துல இருக்கிற தியத்தலாவைக்குப் பக்கத்து தேயிலைத் தோட்டத்துல பொறந்து வளந்தவன். லயத்து வாசல்ல நின்னாலே ரேஞ்சுல சுட்டு பழகுற சத்தம் கேக்கும், நமக்கு அது ஆமிக்காரங்க எடம், அவ்வளவு தான். ஆனா எங்க தாத்தா ஒன்னு சொல்லுவாரு, "வெள்ளக்காரன வெள்ளக்காரனே முள்ளுக்கம்பிக்குள்ள அடச்சு வச்ச எடம்டா அது"ன்னு. யாரு அடச்சது, என்னத்துக்குன்னு கேட்டா அவருக்கும் தெரியாது, அவங்க அப்பா சொன்னதாம். சிங்களத்துலயும் இங்கிலீஷ்லயும் தேடினா கொஞ்சம் கெடைக்குது, தமிழ்ல ஒரு பக்கம் கூட உருப்படியா இல்ல. நூறு வருசத்துக்கு மேல நம்ம கண்ணு முன்னால இருக்கிற எடம் இது. தெரிஞ்சத இந்த இழையில எழுதுங்க, ஒரே எடத்துல சேந்து கெடக்கட்டும்.

மலைக்கோச்சி:
உங்க தாத்தா சொன்னது முழுக்க உண்மை. தென்னாப்பிரிக்காவுல 1899 அக்டோபர்ல தொடங்கி 1902 மே 31 வரைக்கும் நடந்த போயர் யுத்தம் தான் விசயம். போயர்னா அங்க குடியேறின டச்சு வம்சாவழி விவசாயிங்க, டிரான்ஸ்வால், ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட்னு ரெண்டு குடியரசு வச்சிருந்தாங்க, தங்கம் கெடச்சதும் பிரிட்டிஷ்காரனுக்கு அந்த மண்ணு மேல கண்ணு. சண்டையில பிடிபட்டவங்கள அங்கயே வச்சிருந்தா தப்பிச்சுப் போய் திரும்ப துப்பாக்கி தூக்குவாங்கன்னு கப்பல் ஏத்தி செயின்ட் ஹெலினா, பெர்முடா, இந்தியா, இலங்கைன்னு பிரிச்சு அனுப்பினாங்க. இலங்கைக்கு மட்டும் 5000 பேருக்கு மேல. முதல் கப்பல் 1900 ஆகஸ்ட்ல கொழும்புக்கு வந்துச்சு, அங்க இருந்து கோச்சில ஏத்தி நேரா தியத்தலாவை. அதுக்கு முந்தின மாசம் தான் பிராண்ட்வாட்டர்ங்கிற மலை வளைவுக்குள்ள சிக்கி 4000க்கும் மேல போயர்கள் ஒரே மூச்சுல சரணடைஞ்சிருந்தாங்க, அதுல நெறைய பேர் இங்க தான் வந்தாங்க. ஜெனரல் ஒலிவியர், பாதிரியாரா இருந்து தளபதியான ஜெனரல் ரூ, ரெண்டு பேரும் நம்ம மலைக்கு வந்த கைதிங்க.

காவலுக்கு வந்தது குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட். அந்த ரெஜிமென்ட்ல ஒரு பகுதி ஆட்கள போயர்கள் 1899 அக்டோபர்ல பிடிச்சு கைதியா வச்சிருந்தாங்க, மத்தவங்க லேடிஸ்மித்ங்கிற ஊர போயர்கள் வளைச்ச முற்றுகைக்குள்ள பட்டினி கெடந்தவங்க. அடுத்த வருசமே தியத்தலாவையில அவங்க கையில சாவி.

பெரகலை_சுதா:
ஆனா ஏன் இந்த எடம்? கண்டி, நுவரெலியா எல்லாம் விட்டுட்டு இவ்வளவு தூரம்?

மலைக்கோச்சி:
அக்கா, ரயில் பாதைய வச்சுப் பாருங்க வெளங்கும். 1885ல நானுஓயா வரைக்கும் தான் பாதை. 1893ல ஹப்புத்தளை, 1894ல பண்டாரவளை. அதுக்கு மேல பதுளைக்குப் போனது 1924ல தான். அதாவது 1900ல தியத்தலாவை கிட்டத்தட்ட பாதையோட கடைசி. துறைமுகத்துல எறக்கினா நடக்க விடாம கேம்ப் வாசல் வரைக்கும் கொண்டு போகலாம், தப்பிச்சு ஓடினா கடல் ரொம்ப தூரம், எந்தப் பக்கம் போனாலும் மலை எறங்கணும். குளிர் எடம்ங்கிறதால வெள்ளக்காரன் சீக்கு பிடிச்சு சாகமாட்டான்னும் கணக்கு. அப்புறம் அந்த மேடு பூரா மானாப்புல்லு பத்தனை, மரமில்லாத வெட்டவெளி. ஒருத்தன் ஓடினா அரை மைல் தூரத்துலயே தெரியும். ஹப்புத்தளைக்கு இந்தப் பக்கம் கோச்சில போறப்ப ஜன்னல் வழியா பாருங்க, அந்த நெலத்தோட அமைப்பு இன்னைக்கும் அப்படியே தான் இருக்கு.

கஹகொல்லைக்காரன்:
அண்ணே இது தான் நான் எதிர்பாத்தது. உள்ள எப்படி இருந்துச்சு, அதையும் எழுதுங்க.

மலைக்கோச்சி:
தகரக் கொட்டகை வரிசை வரிசையா, சுத்தி முள்ளுக்கம்பி. தூரத்துல இருந்து பாத்தா வெயில்ல தகரம் மின்னுமாம். உள்ளுக்குள்ள ரெண்டு பகுதியா பிரிச்சு ஒன்னுக்கு குரூகர்ஸ்டோர்ப், இன்னொன்னுக்கு ஸ்டெய்ன்ஸ்வில்னு அவங்க தலைவருங்க பேர வச்சுக்கிட்டாங்க. கைதிங்களே கையால எழுதி 'டி பிரிக்கல்டிராட்'னு ஒரு பத்திரிகை நடத்தினாங்க, முள்ளுக்கம்பின்னு அர்த்தம். மரத்துல செதுக்கி பெட்டி, கைத்தடின்னு செஞ்சு வித்தாங்க. பள்ளிக்கூடம், ஜெபக்கூட்டம், விளையாட்டு எல்லாம் உண்டு. 1901 ஜூலைல கொழும்புக்கே கொண்டு போய் கோல்ட்ஸ் கிளப்போட கிரிக்கெட் ஆட விட்டிருக்காங்க, கோல்ட்ஸ் தான் ஜெயிச்சது.

இதக் கேட்டா ஏதோ சுகமா இருந்தாங்கன்னு தோணும். அப்படி இல்ல. கூட்டமா அடச்சு வச்சதுல நெருப்புக்காய்ச்சல் பரவி நெறைய பேர் செத்தாங்க. அத விட கொடுமை, இவங்க இங்க அடைபட்டு கெடந்த அதே நேரம் அங்க இவங்க பண்ணைகள எரிச்சு, பொண்டாட்டி புள்ளைகள வேற கேம்ப்ல அடச்சாங்க, அதுல 26000க்கும் மேல செத்துப் போனாங்க, பெரும்பாலும் சின்னப் புள்ளைங்க. கறுப்பு மக்களுக்குத் தனி கேம்ப், அங்க செத்தவங்கள ஒழுங்கா கணக்கே எடுக்கல. ஒரு கடுதாசிக்காக மாசக்கணக்கா காத்திருந்து அது வர்றப்ப அதுல என்ன எழுதியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

வவுனியா_ரீச்சர்:
நான் பண்டாரவளையில கொஞ்சக் காலம் படிப்பிச்சனான். தியத்தலாவை மட்டும் இல்லை எண்டதையும் சேர்த்து எழுதுங்கோ தம்பி. குழப்படிக்காரர் எண்டு நினைச்ச ஆக்களை ராகமைக்கு அனுப்பினவை. சுகமில்லாத ஆக்களுக்கு கல்கிசையில இடம். தப்பி ஓட மாட்டம் எண்டு சத்தியவாக்குக் குடுத்த ஆக்களை காவல் குறைச்சு அம்பாந்தோட்டை, உரகஸ்மன்ஹந்திய மாதிரி இடங்களில வைச்சிருந்தவை. எங்கட ஆக்கள் எல்லாரும் தியத்தலாவையை மட்டும் கதைக்கிறதால மற்ற இடங்கள் மறைஞ்சு போகுது.

பசறை_செல்வி:
ரீச்சர் ராகமைன்னு சொன்னதும் எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி ஆயிருச்சு. அந்த ராகமை கேம்ப் என்ன பேர்ல தெரியுமா ஊருல வழங்குச்சு? கூலி கேம்ப். இந்தியாவுல இருந்து தோட்டத்துக்குக் கொண்டு வந்த நம்ம ஆட்கள, பிளேக் கொண்டு வந்துருவாங்கன்னு பயந்து நிறுத்தி வச்ச எடம். தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில ஒரு தடவ அடச்சு வச்சு, கப்பல்ல கொண்டு வந்து இங்கயும் நிறுத்தி, அதுக்கு அப்புறம் தான் மலைக்கு. தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கினது 1914ல, மண்டபம் கேம்ப் (ராமேஸ்வரம் பக்கம் ஆட்கள நிறுத்திச் சோதிச்ச எடம்) அந்தப் பாதைக்காக வந்தது, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின கதைய யாரும் பேசுறதில்ல.

1900னா இந்தியாவுல கொடும் பஞ்சம். போயர் கைதிய ஏத்திக்கிட்டு வந்த அதே பாதையில, அதே வருசம், நம்ம பாட்டன் பூட்டனும் வந்திருக்காங்க. ஒருத்தன் யுத்தத்துல தோத்து வந்தான், ஒருத்தன் பசியில வந்தான். போயர் செத்தா தியத்தலாவையில கல்லு வச்சாங்க, இன்னைக்கும் தென்னாப்பிரிக்காவுல இருந்து ஆள் வந்து பேரு படிச்சு பூ வச்சுட்டுப் போறாங்க. நம்ம ஆளுங்க செத்து பொதச்ச எடத்துல தேயிலை நட்டாங்க. எனக்கு இது தாங்கல.

மலைக்கோச்சி:
செல்வி, ஒங்க கோவம் நியாயம். ஆனா ஒன்ன யோசிங்க. போயர் பேர எழுதி வச்சது பாசத்துல இல்ல. யுத்தக் கைதின்னா அரசாங்கம் இன்னொரு பக்கத்துக்குக் கணக்கு சொல்லணும், திருப்பி அனுப்புறப்ப ஆள் எங்கன்னு கேப்பாங்க. அதனால எழுதினாங்க. நம்ம ஆட்களயும் எழுதினாங்க தான், செக்ரோல்ல (தோட்டத்து ஆள் பதிவு) எழுதினாங்க, துண்டுல (கடன் சீட்டு) எழுதினாங்க. அங்க எழுதினது ஆள் எங்கன்னு கேக்குறதுக்கு இல்ல, கடன் எவ்வளவுன்னு பாக்குறதுக்கு.

பசறை_செல்வி:
அதத் தான் அண்ணே சொல்றேன். தகர டிக்கட்னு ஒன்னு இருந்துச்சு. போயர் கைதி தகரக் கொட்டகையில இருந்த அதே காலகட்டத்துல தான் நம்ம ஆட்கள் கழுத்துல அது வந்துச்சு. தோட்டத்துக்கு ஒரு எழுத்து, ஆளுக்கு ஒரு நம்பர், வழியில ஆன செலவு எல்லாம் அந்த நம்பர்ல ஏறும். பேரே வேணாம், நம்பர் பாத்து ஆள சரியான தோட்டத்துல எறக்கிருவாங்க. வந்து சேர்றதுக்கு முன்னாடியே கடன்காரன். 1904ல திருச்சியில தொரைமாரெல்லாம் சேந்து தொழிலாளர் ஆணையகம்னு ஆபீஸ் போட்டாங்களே, அது இன்னும் ஆட்களச் சேக்குறதுக்கு. இவ்வளவு ஒழுங்கா கணக்கு வைக்கத் தெரிஞ்சவனுக்கு பொதச்ச எடத்துல ஒரு பலகை வைக்கத் தெரியாமலா போச்சு?

ஹட்டன்_குமரன்:
தங்கச்சி சொல்றது சரி. ஆனா போயர்கள பாவப்பட்ட வீரர்களா மட்டும் பாக்காதீங்க எல்லாரும். அவங்க ஆண்ட டிரான்ஸ்வால்ல இந்தியர்கள எப்படி நடத்தினாங்கன்னு தெரியும்ல. தனி எடம், தனி வரி, நடைபாதையில நடக்கக் கூட விடமாட்டாங்க. அந்த யுத்தத்துல நம்ம ஆட்களும் இருந்தாங்கங்கிறது நெறைய பேருக்குத் தெரியாது. காந்தி அங்கயே பிரிட்டிஷ் காலனியா இருந்த நேட்டால்ல ஒரு ஆம்புலன்ஸ் படை சேத்தாரு, சுமார் 1100 பேர், அதுல பெரும்பகுதி கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிங்க, தமிழ் ஆட்கள் ஏராளம். 1899 டிசம்பர்ல கொலென்சோ, 1900 ஜனவரில ஸ்பியோன் கோப், அங்கெல்லாம் காயம்பட்ட வெள்ளக்கார சிப்பாய டோலியில வச்சு மைல் கணக்கா தூக்கிட்டு நடந்தவங்க அவங்க தான். நேட்டாலுக்குப் போன தமிழனும் நம்ம மலைக்கு வந்த தமிழனும் ஒரே மாவட்டங்கள்ல இருந்து போன சொந்தக்காரங்களா கூட இருக்கலாம்.

நம்ம பக்கத்துத் தொரைமாரும் போனாங்க. சிலோன் மவுன்டட் இன்ஃபன்ட்ரின்னு ஒரு குதிரைப்படை, பெரும்பாலும் தோட்டத் தொரைங்க. 1900ல இங்க இருந்து கப்பல் ஏறி தென்னாப்பிரிக்கா போய் சண்டை போட்டாங்க. தொரை யுத்தத்துக்குப் போன தோட்டத்துல பெரட்டுக் களத்துல (காலைல ஆள் கூடுற எடம்) என்ன பேசிக்கிட்டாங்களோ, அத யாரும் எழுதி வைக்கல.

பெரகலை_சுதா:
காந்தி விசயம் தெரியும், டோலி தூக்கினவங்க தோட்டத்து ஆளுங்கன்னு இப்ப தான் தெரியுது. நன்றி அண்ணே. இங்க இருந்து யாராவது தப்பிச்சாங்களா?

மலைக்கோச்சி:
மலையில இருந்து தப்பிச்சு நாடு போய்ச் சேர்றது ரொம்ப கஷ்டம். பேர் வாங்கின தப்பிப்பு கொழும்பு துறைமுகத்துலயே நடந்தது. 1901 ஜனவரில கட்டலோனியாங்கிற கப்பல்ல கொண்டு வந்த கைதிங்கள்ல அஞ்சு பேர், ராத்திரில கயிறு பிடிச்சு தண்ணில எறங்கி, அந்தப் பக்கம் நின்ன கெர்சோன்னு ரஷ்யக் கப்பலுக்கு நீந்திப் போயிட்டாங்க. வில்லி ஸ்டெய்ன் அதுல முக்கியமானவரு. ரஷ்யாக்காரன் பிடிச்சுக் குடுக்கல, கருங்கடல் வரைக்கும் கொண்டு போனான். அங்க இருந்து ரஷ்யா, ஜெர்மனி எல்லாம் கடந்து, ஜெர்மன்காரன் கையில இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்கா வழியா எறங்கி, முடியுறதுக்குள்ள திரும்ப யுத்தத்துலயே போய் சேந்துட்டாங்க.

இன்னொரு ஆள் எங்கல்பிரெக்ட். யுத்தம் முடிஞ்சதும் பிரிட்டிஷ் ராஜாவுக்கு விசுவாசம்னு சத்தியம் பண்ணினா தான் வீட்டுக்கு அனுப்புவோம்னாங்க. கிட்டத்தட்ட எல்லாரும் முடியாம ஒத்துக்கிட்டாங்க, இவரு ஒத்துக்கல. இங்கயே தங்கிட்டாரு. பிறகு யால காட்டுக்கு முதல் காவல் அதிகாரி ஆனது அவரு தான், 1922ல அம்பாந்தோட்டையில செத்தாரு. யாலவுக்கு யானை பாக்கப் போற எத்தனை பேருக்கு இது தெரியும்?

வவுனியா_ரீச்சர்:
போயர் போன பிறகும் அந்த இடம் சும்மா கிடக்கேல்லை. 1914 யுத்தத்தில இலங்கையில இருந்த ஜெர்மன்காரரைப் பிடிச்சு அடைச்சவை, அதில ஞானதிலோக தேரரும் ஒராள். ஜெர்மனியில பிறந்து இஞ்ச வந்து துறவியா வாழ்ந்த மனுசன். தியத்தலாவையில வைச்சிருந்து 1915ல அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிப் போட்டினம். 1939ல திரும்பவும் அதே ஆளை அதே தியத்தலாவையில! இந்த முறை அவற்றை சீடர் ஞானபொனிக தேரரும் கூட. அவர் யூதக் குடும்பத்துப் பிள்ளை, ஹிட்லருக்குப் பயந்து தாயையும் இஞ்ச கூப்பிட்டவர், அப்பிடிப்பட்ட ஆளையும் ஜெர்மன்காரன் எண்டு அடைச்சவை. அடைபட்டுக் கிடந்த காலத்தில சுத்த நிபாதம் எண்ட பௌத்த நூலை ஜெர்மன் மொழியில மொழிபெயர்த்து முடிச்சவர் அவர். பிறகு இந்தியாவில டேராடூன் முகாம், யுத்தம் முடிஞ்ச பிறகு 1946ல தான் திரும்பி வந்தவை.

கஹகொல்லைக்காரன்:
ரீச்சர், இத வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன். ரெண்டு உலக யுத்தத்துலயும் ஒரே மனுசன ஒரே எடத்துல அடச்சிருக்காங்க. எங்க ஊருல ஒரு பன்சலைக்காரர் (புத்த கோயில்காரர்) கூட இத எனக்கு சொன்னதில்ல.

ஆமி எப்ப வந்துச்சு முழுசா?

ஹட்டன்_குமரன்:
பிரிட்டிஷ் காலத்துலயே பட்டாளம் பழகுற எடம் ஆயிருச்சு, ரெண்டாம் யுத்தத்துல கடற்படைக்காரங்க ஓய்வெடுக்க வர்ற எடமாவும் இருந்துச்சு. இலங்கை ஆமி 1949 அக்டோபர் 10ல உருவானதும் 1950ல புது ஆட்களுக்கு பயிற்சி நிலையம் அங்க தொடங்கினாங்க. இன்னைக்கு அதிகாரிங்கள உருவாக்குற மிலிட்டரி அகாடமி அங்க தான். கெமுனு வாட்ச் ரெஜிமென்ட்டும் ஒரு காலத்துல அங்க இருந்துச்சு. சர்வே டிப்பார்ட்மென்ட் பயிற்சி நிலையமும் தியத்தலாவையில தான், நில அளவை படிக்கப் போன நம்ம புள்ளைங்களும் இருக்காங்க. மலையில வெள்ளைக்கல்லுல ஃபொக்ஸ்னு எழுத்து இருக்கே, அது ஃபொக்ஸ்ங்கிற கப்பல்காரங்க போட்டதுன்னு சொல்லுவாங்க. அந்த ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல தான் 2024 ஏப்ரல் 21ல கார் கூட்டத்துக்குள்ள பாஞ்சு 7 பேர் செத்தாங்க.

ஆமி உருவாகுறதுக்கு முந்தின வருசம், 1948ல தான் நம்ம ஆட்களோட குடியுரிமைய பறிச்சாங்க. அந்தக் கேம்ப சுத்தி இருக்கிற தோட்டமெல்லாம் நாடில்லாத ஆட்களால நெறஞ்சிருந்துச்சு. பக்கத்துல இருந்தும் நமக்கு ஏன் அந்த எடத்தோட சம்பந்தமே இல்லன்னு கேட்டா, இதையும் யோசிக்கணும்.

வவுனியா_ரீச்சர்:
தியத்தலாவையைக் கதைச்சுக்கொண்டு பிந்துனுவெவவை விட்டிட்டுப் போக எனக்கு மனம் வரேல்லை. பண்டாரவளைக்குப் பக்கத்தில, கன தூரம் இல்லை. புனர்வாழ்வு முகாம் எண்டு சொல்லி எங்கட தமிழ்ப் பொடியளை வைச்சிருந்த இடம். 2000 அக்டோபர் 25 காலமை, கூட்டம் உள்ளுக்க புகுந்து 20க்கும் மேற்பட்ட பிள்ளையளை வெட்டியும் எரிச்சும் கொன்றது. பொலிஸ் பக்கத்தில நிண்டது. 5 பேருக்குத் தண்டனை குடுத்தவை, 2005க்குள்ள உச்ச நீதிமன்றம் எல்லாரையும் விட்டிட்டுது. தங்கச்சி செல்வி கல்லைப் பற்றிக் கேட்டவ. அந்தப் பிள்ளையளின்ரை தாய்மார் இண்டைக்கும் வடக்கிலயும் கிழக்கிலயும் இருக்கினம். ஒரு கல் வைக்கச் சொல்லி எங்க போய்க் கேக்கிறது?

பசறை_செல்வி:
ரீச்சர்... அந்த அக்டோபர்ல அதுக்கு அடுத்து ஊர்வலமெல்லாம் போய் மலையகத்துலயும் அடிபட்டாங்க, எங்க வீட்ல பயந்து கதவ பூட்டிக்கிட்டு இருந்தோம். நீங்க எழுதினது நல்லது. இந்த இழையில அது இருக்கணும்.

கோச்சிக்கடை_பையன்:
ஒரு சந்தேகம், போயர் கல்லறைய போய் பாக்கலாமா? போட்டோ எடுக்க விடுவாங்களா?

ஹட்டன்_குமரன்:
தம்பி, பயிற்சி நடக்கிற ஆமி எடம் அது. கேம்ப் எல்லைக்குள்ள அனுமதி இல்லாம போகாதீங்க, சும்மா போன் எடுத்து நீட்டாதீங்க. முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. நம்ம பேர் இருக்கிற ஆள் கேமராவோட அங்க நின்னா என்ன கேள்வி வரும்னு ஒங்களுக்கே தெரியும்.

கஹகொல்லைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. செல்வி கேட்டத வச்சு ஒன்னு செய்யலாம்னு தோணுது. போயர் பேரெல்லாம் ஏற்கனவே எழுதியாச்சு, அத நம்ம திரும்ப எழுத வேணாம். ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளை பக்கத்துத் தோட்டங்கள்ல அந்த வருசங்கள்ல வந்தவங்க பேர தேடுவோம். தம்பேத்தனை ஃபேக்டரி 1890ல கட்டினது, அத சுத்தி 1900ல ஆள் இல்லாமலா? தேடினா எங்க கெடைக்கும்?

பசறை_செல்வி:
மாதா கோயில் ஞானஸ்நான புத்தகம் மொத எடம், ஆனா அது வேதக்காரங்க பேர் மட்டும். பெறப்பு இறப்பு பதிவு கச்சேரியில (அரசாங்க ஆபீஸ்). மாரியம்மன் கோயில் சில எடத்துல கங்காணி பேரு கல்லுல இருக்கும், கட்டினவங்க பேர் இருக்காது. தோட்டத்து செக்ரோல் தான் எல்லாத்தையும் விட பெரிசு. எங்க தோட்டத்துல 1992ல கம்பனி கைக்கு மாறினப்ப ஸ்டோர் அறையில இருந்த பழைய புத்தகமெல்லாம் வெளியில போட்டு எரிச்சாங்க. எங்க மாமா அதுல கணக்கப்புள்ளையா இருந்தவரு, ரெண்டு புத்தகத்த மட்டும் சாக்குக்குள்ள போட்டு வீட்டுக்கு கொண்டாந்துட்டாரு. கரையான் கொஞ்சம் அரிச்சிருக்கு, எழுத்து தெரியுது. இங்கிலீஷ்ல எழுதின தமிழ் பேருங்க. நான் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுக்கத் தொடங்கியிருக்கேன்.

மலைக்கோச்சி:
செல்வி, ஃபிளாஷ் போடாதீங்க, பகல் வெளிச்சத்துல எடுங்க. பக்க நம்பரும் அட்டையும் சேந்து வரணும், இல்லேன்னா பிறகு எந்த வருசம்னு சொல்ல முடியாது. கடன் கணக்கு எழுதின பக்கத்தையும் விடாதீங்க, எந்த கங்காணி கீழ வந்தாங்கன்னு அதுல தான் இருக்கும், அத வச்சு எந்த ஊருன்னு பிடிக்கலாம். வாசிக்கிறதுக்கு நான் உதவி பண்றேன், பழைய கையெழுத்து எனக்கு பழக்கம்.

பசறை_செல்வி:
சரி அண்ணே. நாளைக்கு மொத பத்து பக்கம் போடுறேன். மத்தவங்க வீட்லயும் பழைய துண்டு, தகர டிக்கட், கங்காணி கணக்கு ஏதாவது இருந்தா இங்க சொல்லுங்க, எந்தத் தோட்டம்னு மட்டும் எழுதுங்க போதும்.